புத்தி சொல்லாமல் உதவுவது எப்படி: கவுன்சலிங்கில் அடுத்த கட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அறைக்கு வெளியே 'கவுன்சலிங்' என்று பலகை மாட்டிய முதல் ஜூன் மாதத்தில் ஒரு அப்பாவும் மகனும் வந்து உட்கார்ந்தார்கள். கையில் ஃபைல், உள்ளே மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் தயார். "கட் ஆஃப் 172 மேடம். எந்த காலேஜ் கிடைக்கும்?" என்றார் அப்பா. நம் ஊரில் கவுன்சலிங் என்றால் பாதிப் பேருக்கு இன்ஜினீயரிங் சீட். மீதிப் பேருக்கு, பெரியவர்கள் நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொல்வது.

இந்த இரண்டாவது புரிதல்தான் மனநல ஆலோசகர்களான நமக்குப் பெரிய தொந்தரவு. 'ஆலோசகர்' என்ற சொல்லே அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. இலங்கைத் தமிழில் இந்த வேலைக்கு உளவளத்துணை என்று பெயர். வருபவரைத் துணைநாடி என்பார்கள். அந்தச் சொற்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நம்மிடம் வருகிறவர் மாமியார், பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யூடியூப் என்று எல்லோரிடமும் புத்திமதி வாங்கி முடித்த பிறகுதான் வருகிறார். அதையே நாமும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். வராவிட்டால் அது அவர் தப்பு இல்லை.

அடிப்படைப் படிப்பை முடித்து, இருபது முப்பது பேரையாவது பார்த்துவிட்டு, 'எல்லாம் படித்த மாதிரிதான் செய்கிறேன், ஆனால் எங்கேயோ முட்டுகிறது' என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வலியுறுத்திய ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத ஏற்பு, உள்ளொன்று புறமொன்று இல்லாத நேர்மை ஆகிய மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மேம்பட்ட திறன் என்றதும் பலர் புதுப்புது சிகிச்சை முறைகளின் பெயர்களையும் சான்றிதழ்களையும் சேர்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். என் பார்வை வேறு. ஒவ்வொரு பிரச்சினையும் நம் வாயில் அதற்கே உரிய ஒரு புத்திமதியை வரவழைக்கும். சோர்ந்து வந்தவரிடம் 'தைரியமா இருங்க'. குடிப்பவரிடம் 'குழந்தைகளை நினைச்சுப் பாருங்க'. சண்டை போடும் தம்பதியிடம் 'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க'. அந்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்ட நேரத்தில், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று கைக்குப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: உங்கள் பேச்சை நீங்களே கேளுங்கள்

இதைவிட வேகமாகக் கற்றுத்தரும் பயிற்சி வேறெதுவும் எனக்குத் தெரியாது. இதைவிடக் கூச்சமான பயிற்சியும் கிடையாது. வருபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி ஓர் அமர்வைப் பதிவு செய்யுங்கள். யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அழித்துவிடுங்கள். சம்மதம் கேட்கத் தயக்கமாக இருந்தால் சக ஆலோசகர் ஒருவரை வருபவராக உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்யலாம்.

அதில் நடுவிலிருந்து பத்து நிமிடத்தை மட்டும் வார்த்தை வார்த்தையாக எழுதுங்கள். பிறகு நீங்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து: கேள்வி என்றால் 'கே', அவர் சொன்னதன் பொருளைத் திருப்பிச் சொல்லியிருந்தால் 'தி', புத்திமதி என்றால் 'பு'. நான் முதல்முறை செய்தபோது பத்து நிமிடத்தில் 14 கே, 5 பு, ஒரே ஒரு தி. அந்த ஒன்றும் 'ஓ, அப்படியா' என்பதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நன்றாகக் கேட்பவள் என்று அதுவரை என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊக்க நேர்காணல் என்கிற மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையில் (குடி பற்றிய பகுதியில் விளக்குகிறேன்) பயிற்சியாளர்கள் இதையேதான் எண்ணுகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு 'தி' இருந்தால் நல்ல நிலை, ஒன்றுக்கு ஒன்று என்றால் பரவாயில்லை என்பது அவர்களின் அளவுகோல். மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

படி 2: 'ஆ' என்ற கேள்வி எழுத்தை வெட்டுங்கள்

திருப்பிச் சொல்வது என்றால் கிளிப்பிள்ளை போல அவர் வார்த்தையையே சொல்வது என்று நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு. வருபவருக்கு இரண்டு நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். அவர் சொல்லி முடிக்காத பாதியை நீங்கள் ஊகித்து, தயக்கத்தோடு முன்வைப்பதுதான் அடுத்த நிலை.

தமிழில் இதற்கு ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "ஆமா" என்று பதில் வரும். கதவு மூடிவிடும். கடைசி 'ஆ'வை வெட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரொம்பக் கஷ்டமா இருக்கு..." என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். தப்பாக ஊகித்துவிட்டால்? "இல்ல மேடம், கஷ்டம்னு இல்ல, அவமானமா இருக்கு" என்று அவரே திருத்துவார். தப்பான ஊகத்துக்குக் கூட நல்ல பலன் கிடைக்கிறது, பாருங்கள்.

நம் மொழி இன்னொரு வசதியும் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய கதைவழிச் சிகிச்சையில், ஆளையும் பிரச்சினையையும் பிரித்து வைத்துப் பேசுவது முக்கிய உத்தி. ஆங்கிலத்தில் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அங்கே ஒருவர் 'நானே கோபம்' என்கிற மாதிரிதான் பேசுவார். தமிழில் நமக்குக் கோபம் 'வருகிறது', பயம் 'பிடிக்கிறது', சந்தேகம் 'தட்டுகிறது'. வெளியிலிருந்து வருவது போலவே இலக்கணம் அமைந்திருக்கிறது. ஆகவே "கோபம் வழக்கமா எப்போ வருது? வர்றதுக்கு முன்னாடி என்ன அடையாளம் தெரியும்? வந்தும் நீங்க அதைத் திருப்பி அனுப்பின நாள் ஏதாவது உண்டா?" என்று கேட்பது யாருக்கும் செயற்கையாகத் தோன்றாது.

அப்புறம் மௌனம். ஐந்து விநாடி மௌனம் நமக்கு ஐந்து நிமிடம் போல இருக்கும். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அழுகிறவரிடம் உடனே டிஷ்யூவையோ தண்ணீர் பாட்டிலையோ நீட்டாதீர்கள். 'போதும், நிறுத்து' என்று சொல்வது போல ஆகிவிடும். கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டால் அவரே எடுத்துக்கொள்வார்.

படி 3: யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

நம் ஊரில் தனியாக வருகிறவர்கள் குறைவு. அம்மா, அக்கா, சில சமயம் கார் ஓட்டிக்கொண்டு வந்த மாமா வரை எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரையும் வைத்துப் பேசுங்கள். அம்மாவிடம் "நீங்க ரொம்ப நாளா கவனிச்சுட்டு வர்றீங்க, உங்களுக்கு எது பெரிய கவலை?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பிறகு "எல்லாரையும் கொஞ்ச நேரம் தனியாப் பார்க்கிறது என் வழக்கம்" என்று சொன்னால் பெரும்பாலும் எழுந்து போவார்கள். முதலிலேயே வெளியே அனுப்பினால் வீட்டுக்குப் போனதும் "அந்தம்மா உன்கிட்ட என்ன சொல்லிச்சு?" என்ற விசாரணை நடக்கும்.

ரகசியம் காப்பது பற்றி அப்போதே பேசிவிட வேண்டும், அதன் எல்லையோடு சேர்த்து. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் சொல்வேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது தெரிந்தவர் எவருக்கும் கடமை, நமக்கும்தான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா" என்று ஒரு பள்ளிப் பிள்ளை கையை நீட்டும்போது, மனம் இளகி அந்தச் சத்தியத்தைச் செய்துவிடாதீர்கள். "உன் பாதுகாப்புக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

படி 4: 'ஏன் இப்போது?' என்று கேளுங்கள்

பத்து வருடமாகக் குடிக்கிற கணவன், ஐந்து வருடமாக வருகிற தலைவலி. இந்த வாரம் மட்டும் ஏன் கிளம்பி வந்தார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பெரும்பாலும் நூலின் நுனி கிடைக்கும். போன வாரம் மகள் பெரியவளானாள். வீட்டு லோன் நிராகரிக்கப்பட்டது. தம்பி தனிக்குடித்தனம் போய்விட்டான்.

உடம்பின் மொழியையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். 'நெஞ்சுல பாரம்', 'உச்சந்தலை எரியுது', 'கைகால் குடைச்சல்', 'ஒண்ணுமே ஓடல', 'என்னமோ போல இருக்கு'. டிப்ரெஷன் என்ற சொல்லை நாம் அவசரப்பட்டு ஒட்டினால், அவர் "அதெல்லாம் இல்ல" என்று ஒதுங்கிவிடுவார். "அந்தப் பாரம் எந்த நேரத்துல அதிகம்? யார் வீட்டுல இருந்தா குறையுது?" என்று கேட்டுக்கொண்டே போனால் உடம்பின் வழியாகவே மனதுக்குப் போய்ச் சேரலாம். கூடவே, உடம்பை உடம்பாகவும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு வேடத்தில் வரும். ரத்தப் பரிசோதனை பார்க்காத சோர்வை நான் சோர்வு என்று எழுதுவதில்லை.

மூன்று விஷயங்களில் உடன்பாடு வேண்டும் என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்னதை நான் இன்னும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: எங்கே போகப்போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம், நம் இருவருக்கும் இடையே நம்பிக்கை இருக்கிறதா. அமர்வு முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று ஆட்டம் கண்டிருக்கும்.

படி 5: ஒவ்வொரு பிரச்சினையாகப் போவோம்

சோர்வு

இங்கே தொண்டைக்கு வரும் புத்திமதி: 'மனசைத் தளரவிடாதீங்க, பாசிட்டிவா நினைங்க'. நினைப்பை மாற்றச் சொல்வதைவிடச் செயலில் தொடங்குவது எளிது. 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களை மாற்ற முயலும் அறிவாற்றல் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. செயல்பாட்டைக் கூட்டும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சை அளவுக்குப் பலன் தந்தது. நம் நாட்டிலேயே கோவாவில், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்த முறையைச் செய்ய வைத்தார்கள். அதில் நல்ல பலன் கிடைத்ததை 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. பட்டம் இல்லாதவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

செய்யும் விதம் இதுதான். ஒரு வாரத்துக்கு, மணிவாரியாக என்ன செய்தார், அப்போது மனநிலை பத்துக்கு எவ்வளவு என்று எழுதிவரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் காலை, மதியம், மாலை, இரவு என்று நாலு கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி வைக்கச் சொல்லலாம். அடுத்த வாரம் இருவரும் அந்தத் தாளைப் பார்த்து, புள்ளி கொஞ்சம் ஏறிய இடத்தைத் தேடுங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு வாரம் முழுவதும் ஒன்று, ஒன்று. செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் மூன்று. அன்று மின்சாரம் இல்லாததால் வாசலில் உட்கார்ந்து பூ கட்டியிருந்தார். அதுதான் நமக்குக் கிடைத்த முனை. வாரம் மூன்று நாள் வாசலில் பூ கட்டுவது என்று ஆரம்பித்தோம். 'தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங்' போன்ற பெரிய திட்டம் போட்டால், தவறிய நாளில் தன்னைத் திட்டிக்கொள்ள இன்னொரு காரணம்தான் கிடைக்கும். மனசு வந்தால் செய்வது என்றில்லாமல், மணியடித்தால் செய்வது என்று பேசிக்கொள்ளுங்கள்.

சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பவையுங்கள். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிர் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் அல்லாத பதில் வந்தால் அங்கேயே நின்று பேசுங்கள்.

படபடப்பு

பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, 'செத்துடுவேன்' என்று இறங்கி ஓடியவர், மூன்று ஈ.சி.ஜி. எடுத்தும் எல்லாம் நார்மல் என்று வருவார். 'ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க' என்பதை அவரிடம் ஏற்கெனவே மூன்று டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள். இவருக்குத் தேவை ஒரு படம். தாளில் வட்டம் போடுங்கள்: நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, 'ஹார்ட் அட்டாக்' என்ற எண்ணம், பயம், வேகமாக மூச்சு, இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் மரத்துத் தலை சுற்றுகிறது, 'பார்த்தியா, நிஜமாவே ஏதோ ஆகுது', இன்னும் பயம். டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கிய சுழல் இது. வந்தவர் சொன்ன வார்த்தைகளையே வட்டத்தில் எழுதுங்கள்.

பிறகு செய்து பார்ப்பது. டாக்டரின் அனுமதியோடு (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் கூடாது) அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச்சொல்லுங்கள், நீங்களும் கூட ஓடுங்கள். அதே படபடப்பு வரும், ஒன்றும் ஆகாமல் அடங்கும். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், பர்சில் மாத்திரை, ஆஸ்பத்திரி இருக்கும் ரூட்டில் மட்டும் பஸ் என்று அவர் வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, மெதுவாக விடவைப்பதுதான் மீதி வேலை. மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பினால், பாட்டிலுக்குப் பதில் மூச்சுப் பயிற்சி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குடி

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கிக் கற்க வேண்டும். ஏனென்றால் நாம் அதிகம் தோற்பது இங்கேதான்.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கர் எண்பதுகளின் தொடக்கத்தில் நார்வேயில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் குடிப்பவர்போல நடிக்க, இவர் பேசிக்காட்டுவார். நடுநடுவே நிறுத்தி, 'ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதைக் கேட்கவில்லை' என்று துளைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குத் தெளிவானது. 1983-இல் அதை எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்கோடு சேர்ந்து வளர்த்ததுதான் ஊக்க நேர்காணல். அதன் சாரம் சுருக்கமானது: குடிப்பவர் மனதில் 'விடணும்', 'விடமுடியாது' என்ற இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. 'விடணும்' கட்சியை நாம் பேசிவிட்டால், மிச்சமிருக்கும் கட்சியை அவர் பேசுவார். பேசப்பேச அவரே அதை நம்பவும் தொடங்குவார்.

ஒரு பேச்சைப் பாருங்கள்; அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

"பொண்டாட்டிதான் அனுப்பிச்சா மேடம். நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?"

(தொண்டைக்கு வந்தது: 'தினமும் இல்லைன்னாலும் உடம்புக்குக் கெடுதல்தானே?')

"வரவேண்டிய அவசியமே இல்லைன்னு தோணுது. ஆனாலும் வந்திருக்கீங்க."

"அவ அழுதா. பொண்ணு வேற பாத்துட்டே இருந்துச்சு."

"பொண்ணு பாத்ததுதான் உறுத்துது."

"...போன மாசம் அது பொறந்தநாளைக்குக் கேக் வாங்கத்தான் போனேன். காசு வேற எங்கயோ போயிடுச்சு."

இந்தக் கடைசி வரி அவர் வாயிலிருந்து வந்தது. 'குழந்தைகளை நினைச்சுப் பாருங்க' என்று நான் சொல்லியிருந்தால் வந்திருக்காது. இங்கிருந்து, "குடியைக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0-லேர்ந்து 10-க்குள்ள?" என்று கேட்கலாம். அவர் 3 என்றால், 'ஏன் 8 இல்லை?' என்று கேட்டுவிடாதீர்கள். முடியாத காரணங்களை அடுக்குவார். "ஏன் 0 இல்லாம 3?" என்று கேளுங்கள். முடியும் என்பதற்கான காரணங்களைத் தேட ஆரம்பிப்பார்.

உயிரைக் காக்கும் இரண்டு விஷயங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடும் நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, குடித்தால்தான் அடங்குகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் வீட்டில் வைத்து நிறுத்தும் பேச்சே வேண்டாம், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரண்டாவது, 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து'. குடும்பத்தினர் ரகசியமாகக் கேட்பார்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே அது மருந்து.

மனைவியையும் தனியாகப் பாருங்கள். கணவர் வரவே மாட்டேன் என்றாலும் அவருக்கு உதவி கிடைக்க வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயைக் குடும்பத்தின் நோயாகப் பார்த்து வீட்டாருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வைத்தது. அந்தப் பார்வை இன்றும் பலரிடம் இல்லை.

கணவன் மனைவி சண்டை

இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள். தனியாக இருக்கும்போது, "சண்டை வந்தா கை ஓங்குறது உண்டா? அவரைப் பார்த்துப் பயமா இருக்கிற நேரம் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். அடி உதை இருக்கும் வீட்டில் கூட்டு அமர்வு நடத்தினால், அறையில் அவள் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். நான் தொடக்கத்தில் ஒருமுறை இதைக் கேட்காமல் விட்டேன். மூன்றாவது வாரம் அந்தப் பெண் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார், மே மாதத்தில். அன்றிலிருந்து ஒருவரையும் கேட்காமல் விட்டதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 181 என்ற மகளிர் உதவி எண், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் ஆகிய மூன்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். போவதா, இருப்பதா என்ற முடிவு மட்டும் அவருடையது.

வன்முறை இல்லாத சண்டைகளில் பெரும்பாலும் ஒரே சுழல்தான். ஒருவர் துரத்துவார், மற்றவர் விலகுவார். அவள் கேட்கக் கேட்க அவன் செல்போனுக்குள் போகிறான். அவன் போகப் போக அவள் குரல் ஏறுகிறது. இதைத் தாளில் வரைந்து நடுவில் வைத்து, "இதுல யார் ஆரம்பிச்சாங்கன்னு கண்டுபிடிக்க வேண்டாம். இந்தச் சக்கரம் உங்க ரெண்டு பேரையும் எப்படி ஓட்டுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இருவரும் உங்களை நீதிபதி ஆக்கப் பார்ப்பார்கள். அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

துக்கம்

பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள். பதினேழாம் நாள் காலையில் காபி டம்ளர் ஒன்று குறைவது அப்போதுதான் தெரியும். நம்மிடம் வருபவர்கள் அதற்குப் பிறகு வருகிறார்கள், அதுவும் 'இன்னும் அழுதுட்டே இருக்கா, ஏதாவது சொல்லுங்க' என்று யாராவது கூட்டிவந்துதான்.

துக்கத்துக்குப் படிநிலைகள் உண்டு, வரிசையாகக் கடந்துவிடலாம் என்று பாடத்தில் படித்ததை மறந்துவிடலாம். ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் 1999-இல் சொன்ன ஊசலாட்டம்தான் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது: கொஞ்ச நேரம் இழப்பில் மூழ்குவது, கொஞ்ச நேரம் இ.பி. பில், பள்ளி ஃபீஸ் என்று வாழ்க்கைக்குத் திரும்புவது, மறுபடி மூழ்குவது. இந்த ஆட்டம் நின்று ஒரே பக்கத்தில் சிக்கிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். போட்டோ கொண்டுவரச் சொல்லுங்கள். இறந்தவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'அவர் நல்லா சமைப்பார்' என்று நிகழ்காலம் போலவே பேசினால் திருத்தாதீர்கள். 'சமைச்சார்' என்று இலக்கணம் தானாக மாறும் நாள் ஒன்று வரும். வந்தால் நீங்களும் கவனித்தீர்கள் என்று தெரிந்தால் போதும், எதுவும் பேச வேண்டாம்.

தேர்வும் மாணவர்களும்

இதில் பாதி வேலை பெற்றோரிடம்தான். பையனிடம் கால அட்டவணை போடுவதற்கு முன், தூக்கம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பெற்றோரிடம், "மார்க் தவிர அவன்கிட்ட நேத்து என்ன பேசினீங்க?" என்று ஒரே கேள்வி. பெரும்பாலும் அறை அமைதியாகிவிடும்.

படி 6: உயிர் பற்றி நேராகக் கேளுங்கள்

'கேட்டால் நாமே எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ' என்ற பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தமிழில் இது சுற்றி வளைத்து வரும்: 'போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி', 'நான் ஒரு பாரம்', 'நான் இல்லாட்டி இவங்க நல்லா இருப்பாங்க'. கேட்டவுடன், "செத்துப் போயிடலாம்னு நினைச்சதுண்டா?" என்று அதே குரலில், கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். 'அந்த மாதிரி தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?' என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆம் என்றால் எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை தடுத்து நிறுத்தியது எது என்று ஒவ்வொன்றாக.

பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கும். எந்த அடையாளம் தெரிந்தால் ஆபத்து, தனியாக என்ன செய்யலாம், யாரோடு போய் உட்கார்ந்தால் மனம் திரும்பும், யாரிடம் மனம் விட்டுச் சொல்லலாம், எந்த மருத்துவர் அல்லது எந்த எண், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். அவர் வார்த்தையில், அவர் கையால் எழுதவைத்துப் போட்டோ எடுத்துப் போனில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசி வரியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பலருக்குத் தீவிர எண்ணம் அலைபோல எழுந்து அடங்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமலிருந்தால் பிழைப்பார்கள். இலங்கை அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த அங்குள்ள தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. விவசாயக் குடும்பம் என்றால், மருந்து டப்பா இன்று இரவே உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வீட்டாரிடம் பேசி, போனதா என்று மறுநாள் போனில் கேளுங்கள்.

எண்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, நாள் முழுவதும், தமிழில் பேசலாம். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா 044-24640050. குழந்தைகளுக்கு 1098. 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து முயற்சியை மறைக்கும் குடும்பங்களிடம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.

படி 7: நம் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, நாலு நாள் தூங்காமல் உற்சாகமாகக் கடன் வாங்கிச் செலவழிப்பது, பிரசவமான சில நாளில் குழந்தையைப் பற்றிய விசித்திரமான பேச்சு, வயதானவருக்குத் திடீர்க் குழப்பம். இவையெல்லாம் மனநல மருத்துவரிடம் அன்றே போக வேண்டியவை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் யார் இருக்கிறார், எந்த நாள் ஓ.பி. என்று நேரில் போய்த் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'டாக்டரைப் பாருங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதும், "வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு, 12-ஆம் நம்பர் அறை, நான் சொல்லி வைக்கிறேன்" என்பதும் ஒன்றல்ல.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகும் குடும்பத்தைக் கேலி செய்யாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அந்தக் கோபத்தை விளக்குப் போட வந்த ஓர் அம்மாவிடம் காட்டி என்ன பயன்? "வெள்ளிக்கிழமை விளக்கும் போடுங்க, ராத்திரி மாத்திரையும் போடுங்க" என்றால் இரண்டையும் செய்வார்.

படி 8: உங்களைப் பார்க்க ஒருவரை வையுங்கள்

மாதம் இரண்டு முறையாவது, உங்களைவிட அனுபவம் உள்ள ஒருவரிடம் உங்கள் பதிவோடு போய் உட்காருங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் மூன்று பேர் சேருங்கள்: ஒருவர் ஆலோசகர், ஒருவர் வருபவர், ஒருவர் எண்ணுபவர். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவரின் 'பு'க்களை எண்ணும்போதுதான் நம்முடையது நன்றாகத் தெரியும்.

எந்த வாரத்தில் யாரைப் பார்த்தபோது எரிச்சல், தூக்கம், அதிக அக்கறை வந்தது என்று ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். வருபவரின் பெயர் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பத்து நிமிடத்தை எழுதி எண்ணினேன். 6 கே, 11 தி. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதே வாரம் வேறொரு பதிவில் பு மட்டும் ஏழு இருந்தது. யாரென்று பார்த்தேன்: கடன் வாங்கி வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருந்த ஐம்பது வயதுக்காரர். சூப்பர்விஷனில், அதாவது நான் இப்படிப் பதிவோடு போய் உட்காரும் இடத்தில், அதைக் கேட்ட மூத்த மேடம் பாதியிலேயே நிறுத்தி, "இவர் குரல் உனக்கு யாரையாவது ஞாபகப்படுத்துதா?" என்றார். என் சித்தப்பாவின் குரல், அப்படியே.